பாட்டும் பந்தும்

(நம் சபையின் குடும்ப சங்கமத்தில், செங்கல் கிராமத்தைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை அதிகம் மாற்றப்படவில்லை.)



போன மாதம் காரியதரிசி எனக்கு ஃபோன் பண்ணினார். "குழந்தை வளர்ப்பு பத்தி ஒரு கால் மணி நேரம் பேசணும். சங்கீதம், விளையாட்டு, அன்றாட வாழ்க்கை எல்லாம் சேர்த்து. உங்க பொண்ணு நம்ம மேடையிலேயே பாடி பிரைஸ் வாங்கினவளாச்சே, நீங்க பேசினா பொருத்தமா இருக்கும்" என்றார். அவர் சொன்ன பிரைஸ் 2005-ம் வருஷத்தது. அதற்கு மறு வருஷத்தோடு அவள் பாட்டை நிறுத்திவிட்டாள். அது அவருக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இருந்திருந்தால் வேறு யாரையாவது கூப்பிட்டிருப்பார்.

அதைப் பற்றியே பேசுகிறேன் என்று மகளிடம் சொல்லி அனுமதி கேட்டேன். "தாராளமா பேசுங்கோ. ஆனா என் பேரைச் சொல்லப்படாது" என்றாள். ஆகையால் இந்தப் பேச்சில் அவளுக்குப் பெயர் கிடையாது. என் அம்மாவுக்கும் கிடையாது. பெரியவர்கள் ஊகித்துக்கொள்வீர்கள்.

எங்கள் ஊர் செங்கல். இப்போது செங்கல் என்றால் எல்லோருக்கும் தெரிகிறது. மகேஸ்வரம் கோவிலில் 111 அடிக்கும் மேலே உயரமான சிவலிங்கம் எழுந்திருக்கிறது. 2019 முதல் பஸ் பஸ்ஸாக ஜனங்கள் வருகிறார்கள். என் சின்ன வயதில் "செங்கல்லா? அது எங்கே?" என்பார்கள். "பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவிலே, உதியன்குளங்கரையில் இறங்கி உள்ளே போகணும்" என்று வழி சொல்ல வேண்டும். களியக்காவிளை தாண்டினால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ம் தேதி கல்குளம், விளவங்கோடு எல்லாம் அந்தப் பக்கம் போயின, நெய்யாற்றின்கரைத் தாலுகா இந்தப் பக்கம் நின்றது. பாதி பந்துக்கள் அங்கே, பாதி இங்கே. ஆத்தில் தமிழ், வாசலில் மலையாளம். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம்தான். தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தவள் என் அம்மா, ஒரு பழைய கல்கி பைண்டிங்கை வைத்துக்கொண்டு. இன்றைக்கும் எனக்குத் தமிழ் எழுத வரும், வேகமாக எழுத வராது.

அம்மா பிறந்தது பாறசாலையில், 1932-ல். அடுக்களையில் வேலை செய்யும்போது பாடுவாள். நீலகண்ட சிவன் கீர்த்தனைகள் நிறையத் தெரியும். இந்தப் பக்கத்து மாமிகள் பலருக்கும் தெரியும் என்பதால் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அம்மா என்றால் சமைப்பாள், சமைத்தால் பாடுவாள். அரிசி களையும் சத்தம், தேங்காய் துருவும் சத்தம் மாதிரி அதுவும் ஒன்று. யாராவது விருந்தாளி வந்துவிட்டால் பாட்டு நின்றுவிடும். ஏன் நிற்கிறது என்று நான் கேட்டதே இல்லை.

எனக்குச் சுருதி சேராது. சரளி வரிசை முடிவதற்குள் பாகவதர் மாமா என் அப்பாவிடம், "இவனை வேற ஏதாவது பண்ணச் சொல்லுங்கோ" என்று கௌரவமாகச் சொல்லிவிட்டார். எனக்கு அதில் வருத்தமே இல்லை. எனக்குக் கிரிக்கெட் இருந்தது. தென்னை மட்டையைச் சீவி பேட், ரப்பர் பந்து, பறம்பின் நடுவில் மூன்று குச்சி. டெலிபோன்ஸில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் பைத்தியம் போகவில்லை. 1988 ஜனவரி 25-ம் தேதி திருவனந்தபுரம் யூனிவர்சிட்டி ஸ்டேடியத்தில் இந்தியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடின. அன்று நான் ஆபீசில் பாட்டி ஸ்ராத்தம் என்று லீவு சொன்னேன். பாட்டிக்கு அந்த வருஷம் இரண்டு ஸ்ராத்தம் நடந்தது. ஸ்ரீகாந்த் 101 அடித்தார். பக்கத்தில் இருந்த முகம் தெரியாத ஒரு மலையாளி மாமாவைக் கட்டிக்கொண்டு குதித்தேன். பிறகு மேற்கிந்தியர்கள் ஒரே ஒரு விக்கெட்டை இழந்து மொத்தத்தையும் அடித்து முடித்தார்கள், அது வேறு விஷயம். பாசஞ்சர் வண்டியில் தனுவச்சபுரம் வந்து இறங்கும்போது தொண்டை கட்டிப்போய்ப் பேச்சே வரவில்லை. "ஸ்ராத்தத்துல அவ்வளவு மந்திரமா?" என்று கேட்டாள் என் ஆத்துக்காரி.

1991-ல் மகள் பிறந்தாள். அவள் ஐந்து வயதில் அம்மாவுடன் சேர்ந்து அடுக்களையில் பாட ஆரம்பித்தாள். சுருதி சுத்தம். எனக்கு வராதது அவளுக்கு வந்துவிட்டது என்று ஒரே பெருமை. நெய்யாற்றின்கரையில் ஒரு மாமியிடம் சேர்த்தேன். செவ்வாய், வெள்ளி சாயங்காலம். ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு, திண்ணையில் காத்திருந்து கூட்டிக்கொண்டு வருவேன். சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று ஒவ்வொரு படியாக ஏறினாள். எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி வாங்கினேன். அந்தக் காலத்தில் என் சம்பளத்துக்கு அது சின்னத் தொகை இல்லை.

உங்களில் பலருக்குத் தெரியும், நம் கேரளத்தில் பள்ளிக் கலோத்ஸவம் என்பது பெற்றோர்களுடைய போட்டி. உபஜில்லா, ஜில்லா, ஸ்டேட் என்று நாம்தான் ஏறி இறங்குவோம். ஏ கிரேடு வந்தால் எஸ்.எஸ்.எல்.சி.யில் கிரேஸ் மார்க். சங்கீதம் தெய்வீகம் என்று மேடையில் சொல்லுவோம், கீழே இறங்கி எத்தனை மார்க் என்று கேட்போம். நானும் கேட்டவன்தான். விளையாட்டுக்கும் கிரேஸ் மார்க் உண்டு என்று யாரும் எனக்குச் சொல்லாமல் இல்லை. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏன் என்றால், என் மகளுக்கு இன்னொரு கையும் இருந்தது. பக்கத்து ஆத்துப் பையன்கள் பறம்பில் விளையாடும்போது இவளும் போவாள். முதலில் பந்து பொறுக்கிப் போடுவதற்கு, பிறகு பந்து போடுவதற்கு. சுழற்பந்து யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியாது. டி.வி.யில் நான் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கே பந்து போட்டாள். நான் முன்காலை வைத்துத் தடுக்கப் பார்த்தேன், பந்து வெளியே விழுந்து உள்ளே திரும்பி குச்சியைத் தட்டியது. அதிர்ஷ்டம் என்றேன். அடுத்த பந்தும் அதே மாதிரி வந்தது. பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

2003-ல் அவள் ஏழாம் கிளாஸ். பள்ளிக்கூடத்து விளையாட்டு சார் ஒருநாள் ஆத்துக்கே வந்தார். ஜில்லா செலக்‌ஷன் இருக்கிறது, இவளைத் திருவனந்தபுரத்துக்கு ஒரு நாள் அனுப்புங்கள், கையில் விஷயம் இருக்கிறது என்றார். நல்ல மனிதர். சாயா கொடுத்தோம். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் கேட்டைத் தாண்டுவதற்குள் நான் யோசித்து முடித்துவிட்டேன்.

ராத்திரி மகளைக் கூப்பிட்டு, "இதோ பாரு கொழந்தே, வெயில்ல கத்திண்டு ஓடினா தொண்டை கெட்டுப் போகும். பாட்டா, பந்தா, ரெண்டுல ஒண்ணுதான் நடக்கும்" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. என் ஆத்துக்காரி அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, "ஏன்னா, ஒரே ஒரு தடவை போயிட்டு வரட்டுமே" என்றாள். நான், "நோக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். அன்றோடு பறம்பு நின்றது.

தொண்டை என்று நான் சொன்னது பொய். முழுப் பொய் இல்லை, முக்கால் பொய். விஷயம் என்ன என்றால், பன்னிரண்டு வயசுப் பெண் பேன்ட் போட்டுக்கொண்டு மைதானத்தில் ஓடுகிறாள், கறுத்துப் போகிறாள், நாளைக்கு யாராவது வந்து ஜாதகம் கேட்கும்போது என்ன சொல்லுவது என்று பயம். பந்துக்கள் என்ன சொல்லுவார்கள் என்று பயம். சொல்லப்போனால், இந்தச் சபையில் என்ன சொல்லுவார்கள் என்றும் பயம். அந்தக் காரணத்தை வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. தொண்டை என்றால் சங்கீதத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம் இல்லையா?

இந்த இடத்தில் நவராத்திரி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்துக்கு நவராத்திரி கொலுவோடு ஆரம்பிப்பதில்லை, அதற்கு முன்னாலேயே ரோட்டில் ஆரம்பித்துவிடும். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவி, வேளிமலையிலிருந்து குமாரசுவாமி, சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை, மூன்று பேரும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். உடைவாள் முன்னால் வர, தேவி யானை மேல், மற்றவர்கள் பல்லக்கில். முதல் ராத்திரி குழித்துறை. மறுநாள் களியக்காவிளை எல்லையில் வரவேற்பு, பிறகு பாறசாலை, உதியன்குளங்கரை வழியாக வந்து இரண்டாவது ராத்திரி நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோவில். மூன்றாம் நாள் கரமனை தாண்டிக் கோட்டைக்குள் போவார்கள். என் அம்மா ஒரு வருஷம் விடாமல் உதியன்குளங்கரை ரோட்டில் நிற்பாள், நிறைபறை வைத்துக்கொண்டு. பேத்தியும் கூட நிற்பாள். "போறா பாரு சரஸ்வதி, பாட்டுக் கேக்கறதுக்குப் போறா" என்பாள் அம்மா.

போகிற இடம் நவராத்திரி மண்டபம். சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஒன்பது கிருதிகள், ஒன்பது நாளுக்கு ஒன்பது. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி என்று போய், கடைசி நாள் ஆரபி. முல்லமூடு பாகவதர்கள் தோடயமங்கலம் பாடின பிறகுதான் கச்சேரி. எண்ணெய் விளக்கு வெளிச்சம். கைதட்டல் கிடையாது. செம்மங்குடி மாமா பாடின இடம். ஆனால் பெண்கள் அங்கே பாடியதில்லை. கேட்கப் போகிறவளே சரஸ்வதி, பாடுகிறவர்கள் மட்டும் ஆண்கள். எம்.எஸ். அம்மா உலகமெல்லாம் பாடினார், அங்கே பாடவில்லை.

2006-ல்தான் அது மாறியது. அந்த வருஷ நவராத்திரியில் பாறசாலை பொன்னம்மாள் அவர்கள் மண்டபத்தில் பாடினார். அவருக்கு அப்போது 81 வயது. மறுநாள் பேப்பரில் வந்திருந்தது. என் அம்மாவுக்கு 74. கண்ணாடிக்கு மேலே பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு படித்தாள். படித்து முடித்துவிட்டு, "நீ ஒரு தடவை வாய்விட்டுப் படி" என்று என்னிடம் கொடுத்தாள். படித்தேன். "இன்னொரு தடவை" என்றாள். இன்னொரு தடவை படித்தேன்.

"எங்க பாறசாலைப் பொண்ணாக்கும்" என்றாள். அப்புறம், ஐம்பது வருஷத்தில் அவள் எங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். பாறசாலை ஆத்தில் ஒரு பாகவதர் வந்து அவளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். வர்ணம் ஏழெட்டு பாடமாகி, கீர்த்தனை ஆரம்பித்தாயிற்று. திருவனந்தபுரத்தில் 1939-ல் சங்கீத அகாடமி ஆரம்பித்து, பொன்னம்மாள் அதில் முதல் பெண் மாணவியாகச் சேர்ந்து கானபூஷணம் வாங்கினதெல்லாம் ஊரில் பேச்சாக இருந்த காலம். தானும் போகலாம் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பதினாலு வயதில் செங்கல்லில் இருந்து ஜாதகம் வந்தது. "ஆத்துல பாடறது போதும், பாட்டுக்காராளா ஆக வேண்டாம்" என்று தாத்தா பாகவதரை நிறுத்திவிட்டார்.

"அந்தாத்துல விட்டா. எங்காத்துல விடலை. அவ்வளவுதான் வித்யாசம்" என்றாள் அம்மா. கோபம் எதுவும் இல்லை குரலில். பேப்பரை மடித்து, கொலுப்படியில் சரஸ்வதி பொம்மைக்குக் கீழே வைத்தாள்.

அப்போது மகள் கூடத்தில் சுண்டலுக்குத் தேங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது. தலையைத் தூக்காமல் கேட்டாள். "அப்பா, பாட்டிக்குப் பாட்டை நிறுத்தினா. நேக்குப் பந்தை நிறுத்தினேள். ரெண்டும் ஒண்ணுதானே?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு, "அதுவும் இதுவும் ஒண்ணா? சங்கீதம் எங்கே, குச்சியும் பந்தும் எங்கே! நோக்கு நான் பாட்டு சொல்லித்தரலையா?" என்று கத்தினேன். கொலுவுக்கு வந்திருந்த இரண்டு மாமிகள் சுண்டலை வாங்கிக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள்.

அம்மாவுக்குக் கிடைக்காததை மகளுக்குக் கொடுத்தேன். அதனால் நான் தாத்தா மாதிரி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தாத்தாவுக்கு எது பயமோ அதை அவர் நிறுத்தினார், எனக்கு எது பயமோ அதை நான் நிறுத்தினேன் என்பது புத்தியில் உறைக்கவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் கொடுத்த சங்கீதம்கூட அவளுக்காக என்று சத்தியம் பண்ண முடியாது. பாகவதர் மாமா என்னைத் துரத்தினாரே, அதற்குப் பதிலாகவும் இருக்கலாம்.

அந்த நவராத்திரி முடிகிறவரை அவள் கொலுவில் தினமும் பாடினாள். நன்றாகவே பாடினாள். விஜயதசமி அன்றைக்கும் மாமியிடம் போய்ப் பாடம் கேட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு எஸ்.எஸ்.எல்.சி. என்று சொல்லி க்ளாஸ் நின்றது. பரீட்சை முடிந்தது, ப்ளஸ் டூ வந்தது, இஞ்சினீயரிங் வந்தது. "எப்போ திரும்ப ஆரம்பிக்கப் போறே?" என்று கேட்டால், "பார்க்கலாம்ப்பா" என்பாள். சண்டை போட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். "பார்க்கலாம்ப்பா" என்பதோடு என்ன சண்டை போடுவது? சுருதிப் பெட்டி அலமாரி மேலே ஏறியது. அம்மா 2012-ல் காலமானாள். போவதற்கு இரண்டு நாள் முன்னால் பேத்தியைப் பாடச் சொன்னாள். பாடினாள். அதுதான் நான் பக்கத்தில் இருந்து கேட்ட கடைசிப் பாட்டு.

பொன்னம்மாள் அவர்களுடைய கதை வேறு மாதிரி போனது. திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரிக்கு முதல் பெண் பிரின்சிபாலாக இருந்து ரிடையர் ஆனவர் என்றாலும், 2006-க்குப் பிறகுதான் சென்னைக்காரர்கள் பலர் அவர் பாட்டைக் கேட்டார்கள். 2017-ல் பத்மஸ்ரீ. 2021 ஜூனில், 96-வது வயதில் காலமானார். நான் அவரைப் பற்றி இந்தச் சபையிலேயே இரண்டு தடவை பேசியிருக்கிறேன். பெண்களுக்குக் கதவைத் திறந்தவர் என்று சொல்லி நிறையக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். என் ஆத்துக்காரி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கைதட்டினாளா என்று நான் பார்க்கவில்லை.

இப்போது 2024-க்கு வருகிறேன். பிப்ரவரி 24, சனிக்கிழமை. மகள் கல்யாணமாகிக் கரமனையில் இருக்கிறாள், டெக்னோபார்க்கில் வேலை. அன்றைக்குக் குழந்தையோடு செங்கல்லுக்கு வந்திருந்தாள். டி.வி.யில் பெண்கள் பிரீமியர் லீக், பெங்களூருவும் உ.பி.யும். ஆஷா சோபனா என்று நம் திருவனந்தபுரத்துப் பெண், லெக் ஸ்பின். ஒரே ஓவரில் மூன்று விக்கெட் எடுத்தாள். மொத்தம் 22 ரன்னுக்கு ஐந்து விக்கெட். அந்த லீக்கில் ஐந்து விக்கெட் எடுத்த முதல் இந்தியப் பெண். பெங்களூரு இரண்டே ரன்னில் ஜெயித்தது. ஸ்ரீகாந்தின் 101-க்குப் பிறகு நான் அப்படிக் குதித்தது அன்றைக்குத்தான். "பார்த்தியா! நம்ம ஊர்ப் பொண்ணு! என்ன கை, என்ன கை!" என்று கத்தினேன்.

மகள் சோபாவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அவளும் நானும் ஒரே வருஷம் பொறந்தவாப்பா" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

டி.வி.யை அணைத்தேன். ஆத்துக்காரி என்னைப் பார்த்தாள். இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் அடுக்களை வாசலில் நின்றவள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

என் மகள் இந்தியாவுக்கு ஆடியிருப்பாள் என்று நான் சொல்ல வரவில்லை. ஜில்லா செலக்‌ஷனில் முதல் நாளே திருப்பி அனுப்பியிருக்கலாம். அந்தக் காலத்தில் பெண்கள் கிரிக்கெட்டுக்குப் பணமும் கிடையாது, பார்ப்பதற்கு ஆளும் கிடையாது. 2006-ல்தான் பி.சி.சி.ஐ.யே அதைத் தன் கீழ் எடுத்துக்கொண்டது. ஆஷாவுமே இந்தியாவுக்கு முதல் தடவையாக ஆடியது அந்த 2024 மே மாதத்தில், 33 வயதில். எத்தனை வருஷம் யாருக்கும் தெரியாமல் பந்து போட்டிருக்க வேண்டும்! ஆகையால் ஒரு நட்சத்திரத்தை அணைத்துவிட்டேன் என்று நான் அழவில்லை. ஒரு நாள். திருவனந்தபுரம் போய்த் திரும்பி வர ஒரே ஒரு நாள். அதைத்தான் நான் கொடுக்கவில்லை. அதற்கும் பொய்க் காரணம் சொன்னேன்.

அன்று ராத்திரி குழந்தை தூங்கின பிறகு திண்ணைக்கு வந்தாள். நான் சொன்னேன். தொண்டை காரணம் இல்லை, இதுதான் காரணம் என்று, இப்போது உங்களிடம் சொன்னதையெல்லாம் சொன்னேன். தப்புப் பண்ணிட்டேன் என்றும் சொன்னேன். நம் பக்கத்தில் அப்பாக்கள் பெண்களிடம் அப்படிச் சொல்லி வழக்கமில்லை, வார்த்தை வர நேரமானது.

"தெரியும்ப்பா" என்றாள். "அப்பவே தெரியும். தொண்டைன்னேள் பாருங்கோ, அதனாலதான் பாட்டு மேலயே கோபம் வந்துடுத்து."

கொஞ்ச நேரம் கழித்து, "சனிக்கிழமை சனிக்கிழமை இவளை ஃபுட்பால் கோச்சிங்குக்குக் கூட்டிண்டு போக ஆள் வேணும். நேக்கு ஆபீஸ் கால் வந்துடறது. நீங்க வரேளா?" என்றாள்.

அப்படித்தான் எனக்கு இந்த உத்தியோகம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரமனை போய்விடுவேன். சனிக்கிழமை காலை ஆறரைக்கு மைதானம். பேத்திக்கு ஒன்பது வயது. தண்ணி பாட்டில், துண்டு, வாழைப்பழம், எல்லாம் என் பையில். மற்றத் தாத்தாக்கள், அம்மாக்கள் எல்லோரும் சிநேகிதமாகிவிட்டார்கள். பொழியூர்க்காரர் ஒருவர், எங்கள் தாலுகாதான், கடற்கரைக் கிராமம். அந்த ஊர்ப் பையன்கள் சந்தோஷ் டிராபி வரை போனவர்கள். ஆஃப்சைடு என்றால் என்ன என்று எனக்கு மூன்று வாரம் பாடம் எடுத்தார். இப்போது ஓரளவு புரிகிறது. பேத்தி சுமாராகத்தான் ஆடுகிறாள். பந்தைவிட மண்ணைத்தான் அதிகம் உதைக்கிறாள். போன மாதம் ஒரு கோல் போட்டாள், தன் பக்கத்துக் கோலிலேயே. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கைதட்டினேன். பிறகுதான் தப்பு என்று பொழியூர்க்காரர் சொன்னார்.

இவளைப் பாட்டுக்குச் சேர்க்கலாமே என்று நாக்கு நுனி வரை வருகிறது. குரல் இருக்கிறது. ஆட்டோவில் வரும்போது என்னமோ முனகிக்கொண்டே வருவாள், சுருதி விலகாது. நான் கேட்கவில்லை. அவளாகக் கேட்டால் சுருதிப் பெட்டியை ரிப்பேர் பண்ணிக் கொண்டுவந்து கொடுப்பேன். ஏற்கெனவே ரிப்பேர் பண்ணி வைத்துவிட்டேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஆத்தில் யாரும் சொல்ல வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி கரமனையில் நான் கூடத்தில் படுப்பேன். உள்ளே மகள் குழந்தையைத் தூங்கப்பண்ணுகிறாள். மெல்லப் பாடுகிறாள். என் அம்மா அடுக்களையில் பாடின நீலகண்ட சிவன் கீர்த்தனைகள்தான், வரிசை மாறாமல். முதல் தடவை கேட்டபோது தாங்காமல் எழுந்து கதவுப் பக்கம் போனேன். நிழல் தெரிந்ததோ என்னமோ, பாட்டு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுந்து போவதில்லை. ஃபேனைக்கூட ஒன்றில் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன், சத்தம் குறைவாக இருக்கட்டும் என்று.

காரியதரிசி கை காட்டுகிறார், இலை போட்டாயிற்று போலிருக்கிறது. கால் மணி நேரம் என்றார், நான் அதிகமாகவே எடுத்துக்கொண்டேன். இரண்டாவது வரிசையில் இருக்கும் என் ஆத்துக்காரிக்கு நமஸ்காரம்.